மூன்றாவது சரணம்

ஹாசல்ரோட்,
10 அக்டோபர் 1993

அன்பு ரோஸ்வித்தா,

அப்பாவை அடக்கம் செய்த அன்று நீ கை நனைக்காமலே ரயிலேறிவிட்டாய். கிளப் வீட்டில் காபியும் ஆப்பிள் கேக்கும் வைத்துவிட்டு எல்லோரும் உன் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் மனைவி எல்ஃப்ரீட, "பாவம், புள்ளைக்கு மனசு சரியில்ல, விடுங்க" என்றாள். நானும் விட்டுவிட்டேன். போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம். கறி வெட்டும் கைக்குப் பேனா பிடிக்க வரவில்லை, எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஜூனில் நம் கால்பந்து கிளப்புக்கு எழுபத்தைந்து வயது. வரலாற்றுப் புத்தகம் ஒன்று போடுகிறோம். தலைவர் என்ற முறையில் எழுதுவது நான். போரிலிருந்து திரும்பியவர்கள் மாட்டை ஓட்டிவிட்டு, காட்டில் வெட்டிய இரண்டு மரத்தைக் கோலாக நட்டது முதல் இன்றுவரை எல்லாம் வரும். 1957 வரும்போது உன் அப்பா வருவார். எவால்ட் கோல்கீப்பராக நின்ற அந்த வருஷம்தான் நாம் ஒரு பிரிவு மேலே ஏறினோம். மறு வருஷமே இறங்கிவிட்டோம் என்பது வேறு கதை. ஒரு வருஷம் மேலே இருந்ததை முப்பத்தாறு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அந்த வருஷத்துப் படங்கள் உன் அப்பாவிடம் மட்டும்தான் இருந்தன. பெட்டியை நீ எடுத்துப் போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அனுப்பி வை. உன் ஞானத்தந்தை என்ற உரிமையில் கேட்கிறேன்.

பிறகு, கொடி. அடக்கத்துக்கு அது வராததை நீ தவறாக எடுத்திருக்க மாட்டாய். கொடிக் கம்பு விரிசல் விட்டு, மார்பர்க்கில் பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறோம். நேரம் அப்படி அமைந்துவிட்டது, என்ன செய்ய.

உன் மாமா,
கிஸ்பர்ட்


பிரேமன்,
19 அக்டோபர் 1993

மதிப்பிற்குரிய கிளப் தலைவர் கேமர்லிங் அவர்களுக்கு,

கம்பு விரிசல் விட்டால் கொடியைத் துடைப்பக் கட்டையில் கட்டலாம். அதுகூட முடியாவிட்டால் கையில் ஏந்தி வரலாம். பட்டுத் துணிதானே, பாறாங்கல் இல்லையே.

அம்மா இறந்தபோது எனக்குப் பதினைந்து வயது. அம்மா கிளப்பில் பந்து உதைத்தவள் இல்லை. பதினோரு பேரின் சேறு பிடித்த சட்டைகளை ஒவ்வொரு திங்கட்கிழமையும் துவைத்தவள். அவளுக்கே கொடி வந்தது. கொடி தூக்கும் ஹார்ட்விக், குழியின் விளிம்பில் நின்று கொடியை மூன்று முறை தாழ்த்தினார். மூன்றாவது முறை பட்டு சவப்பெட்டியைத் தொட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் இப்படித்தான் செய்வாங்கம்மா. எனக்கு அது போதும்" என்றார். கோவிலுக்கே போகாத மனிதர். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

அவருடைய அடக்கத்தில் போதகர் ஜெபம் முடித்துவிட்டு உங்களைத் தேடினார். நானும் தேடினேன். நீங்கள் எங்கேயோ பின்னால் நின்றீர்கள். கொடி மட்டும் வரவில்லை. வந்தவர்கள் யார் தெரியுமா? மேட்டுக்கு அந்தப் பக்கத்து எதிரிக் கிளப், டோர்ன்ஹைம்காரர்கள்! பச்சைத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு இரண்டு பேர் மதிலோரம் நின்றார்கள். கையில் என்னவோ நீளமாகச் சுருட்டி வைத்திருந்தார்கள். நம் கிளப்பின் கேவலத்தை வேடிக்கை பார்க்க மேடு ஏறி வந்திருக்கிறார்கள். எல்லாம் முடிந்தபின் அதில் ஒருவர் என்னிடம் கை நீட்டினார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தேன்.

படங்கள் என்னிடம் இருக்கின்றன. தர மாட்டேன். அதில் வினோதமான ஒன்று உண்டு. அப்பா ஒரு பீர்ப் பெட்டியின் மேல் ஏறி நின்று வாயைத் திறந்து பாடுகிறார். சுற்றிலும் பச்சைத் துண்டு. ஆனால் எல்லோரும் கறுப்புக் கோட்டு போட்டிருக்கிறார்கள், ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதன் கதை தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லட்டும்.

ரோஸ்வித்தா ஹெக்மன்


ஹாசல்ரோட்,
2 நவம்பர் 1993

ரோஸ்வித்தா,

"மதிப்பிற்குரிய" என்று எழுதும் அளவுக்கு ஆகிவிட்டதா? நீ பல் முளைக்காமல் என் மடியில் உட்கார்ந்து சாசேஜ் துண்டைச் சப்பியவள். சரி, இருக்கட்டும்.

கம்பு மார்பர்க்கில் இருக்கிறது என்றால் இருக்கிறதுதான். கொடி கம்போடு சேர்ந்துதான் இருக்கும். அதைப் பிரித்தால் நூல் போய்விடும். இதெல்லாம் பிரேமனில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புரியாது. ஒரு கிளப்பை நடத்திப் பார், தெரியும். புல் வெட்டுவது யார், கோடு போடுவது யார், மழையில் ஏழு பேர் மட்டும் வந்து நிற்கும்போது மற்ற நாலு பேரைப் படுக்கையிலிருந்து இழுத்து வருவது யார்? குறை சொல்ல மட்டும் ஊரே வரும்.

அந்தப் பெட்டிமேல் நிற்கும் படத்தைக் கிழித்துப் போடு. ஏதோ திருவிழாவில் குடித்துவிட்டு ஏறியிருப்பார். அதை வெளியே காட்டினால் அவருக்குத்தான் மரியாதைக் குறைவு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனத்தில் வைத்திருந்து என்ன பயன். கொடி வரவில்லை என்று கணக்குக் கேட்கிறாய். நீ எத்தனை தடவை வந்தாய்? கடைசி வருஷம் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்து பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவன் நான்.

கிஸ்பர்ட்


பிரேமன்,
8 நவம்பர் 1993

தலைவர் அவர்களுக்கு,

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டுவிட்டீர்கள். உண்மைதான். ஈஸ்டருக்கு வந்தேன். அதற்குப் பிறகு வரவில்லை. வேலை என்று சொன்னேன். வேலை இல்லை. அப்பா திரும்பத் திரும்ப அதே பந்தயங்களைச் சொல்வார், எனக்குச் சலிப்பாக இருந்தது. இப்போது அதைக் கேட்க என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன். என் வெட்கத்தை நான் சுமக்கிறேன். அதற்குப் பின்னால் உங்கள் வெட்கத்தை ஒளித்துவைக்காதீர்கள்.

கல்லறைக் கல் வெட்டுகிறவர் என் பதிலுக்குக் காத்திருக்கிறார். பெயருக்கு மேலே கிளப் சின்னத்தைச் செதுக்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். அந்தச் சின்னத்தைச் செதுக்கச் சொல்ல எனக்குக் கை வரவில்லை. இறந்தோர் ஞாயிறு இந்த மாதம் 21ஆம் தேதி. ஊரே கல்லறைக்கு வரும் நாள். அன்று அப்பாவின் குழிமேல் கொடி தாழ்ந்தால் சின்னம் இருக்கும். தாழவில்லை என்றால் வெறும் கல்தான். உங்கள் கிளப்புக்கும் எங்களுக்கும் அதோடு முடிந்தது.

ரோஸ்வித்தா


ஹாசல்ரோட்,
13 நவம்பர் 1993

ரோஸ்வித்தா,

முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு. சொல்லிவிடுகிறேன். எல்ஃப்ரீடவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

கொடி மார்பர்க்கில் இல்லை. டோர்ன்ஹைமில் இருக்கிறது.

ஆகஸ்ட் கூடாரத் திருவிழாவில் அவர்கள் நம்மை ஏழுக்கு ஒன்று என்று அடித்தார்கள் அல்லவா, அன்றுதான். கிளப் வீட்டுச் சாவியைக் கறிக்கடை மேசையில் வைத்துவிட்டு நான் கூடாரத்தில் பீர் குடித்துக்கொண்டிருந்தேன். டோர்ன்ஹைம் பையன்கள் சாவியை எடுத்து, கதவைத் திறந்து, கொடியைக் கழற்றிக்கொண்டு, சாவியைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மரியாதையான திருடர்கள். மறுநாள் அவர்கள் தலைவர் லோரென்ஸ் ப்ரோம் எனக்கு மட்டும் சொல்லி அனுப்பினார்: "பொருள் எங்ககிட்ட பத்திரமா இருக்கு. எப்ப வர்றீங்க?"

மேட்டுக்கு இரண்டு பக்கமும் முறை உனக்குத் தெரியும். கொடியைத் தொலைத்த கிளப்பின் தலைவர் தானே போக வேண்டும். ஒரு பீப்பாய் பீர் கொண்டுபோக வேண்டும். பீர்ப் பெட்டிமேல் ஏறி நின்று, எடுத்தவர்களின் கிளப் பாட்டை அவர்கள் முன்னால் முழுதும் பாட வேண்டும். அதுவரை அவர்களும் வெளியே சொல்லமாட்டார்கள், அதுவும் முறை.

நான் போகவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். நான் இந்த ஊரில் பிறந்தவன் இல்லை, ரோஸ்வித்தா. எல்ஃப்ரீடவைக் கட்டிக்கொண்டு 64இல் வந்தவன். "வந்தவன்தானே, அவனுக்குக் கொடியோட அருமை என்ன தெரியும்" என்று ஒரு வாய் சொன்னால் போதும், என் முப்பது வருஷமும் போச்சு. அந்தப் பயத்தில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். பிறகு உன் அப்பா இறந்துபோனார்.

இப்போது சொல்வதுதான் கஷ்டம். மதிலோரம் நின்ற இரண்டு பேரில் ஒருவர் லோரென்ஸ். நீளமாகச் சுருட்டி வைத்திருந்தது நம் கொடி. அவர்கள் அதைத் திருப்பித் தரத்தான் வந்திருந்தார்கள். அடுத்தவன் கொடியை அவர்கள் விரிக்கக்கூடாது. அதனால் அதைப் பிடித்துக்கொண்டு நான் வந்து வாங்குவேன் என்று நின்றார்கள். நான் பூச்செடிக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாய்க்குப் பின்னால், வேலி மறைவில் நின்றேன். லோரென்ஸ் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கொஞ்ச தூரம்தான். ஊர் பார்க்க நடந்துபோய் வாங்கியிருந்தால் உன் அப்பாவுக்குச் சேர வேண்டியது சேர்ந்திருக்கும். நான் குனிந்து குழாயைத் திறந்து, காலியான ஒரு பூவாளியில் தண்ணீர் பிடித்தேன்.

எவால்டை விட என் மானம் எனக்குப் பெரிதாகிவிட்டது. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்கிறது.

கிஸ்பர்ட்


பிரேமன்,
16 நவம்பர் 1993

போங்கள்.

கோபத்தில் நாலு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். இந்த ஒரு வார்த்தைதான் மிஞ்சியது.

ஞாயிற்றுக்கிழமைக்கு ரயில் சீட்டு எடுத்திருந்தேன். வரப்போவதில்லை. நான் வந்து நின்றால் எனக்குப் பயந்து செய்வீர்கள். என் அப்பாவுக்காகச் செய்யுங்கள்.

லோரென்ஸ் ப்ரோமிடம் ஒன்று சொல்ல வேண்டும். அவர் நீட்டிய கையை நான் தொடவில்லை. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், அதைக்கூட நான் கேலி என்றே நினைத்தேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. உங்கள் பாட்டு முடிந்ததும் எனக்காகவும் கேளுங்கள்.

ரோ.


ஹாசல்ரோட்,
22 நவம்பர் 1993

ரோஸ்வித்தா,

சனிக்கிழமை மாலை எல்ஃப்ரீடவை உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். அவள், "இதைத்தான் மூணு மாசமா முழுங்கிட்டு இருந்தீங்களா? அதான் ராத்திரியெல்லாம் ஏப்பம்" என்றாள். பீப்பாயை வண்டியில் ஏற்ற அவள்தான் ஒரு பக்கம் பிடித்தாள்.

டோர்ன்ஹைம் கிளப் வீட்டில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்ததும் மூலையிலிருந்து ஒரு குரல், "என்ன தலைவரே, வழி தவறிட்டீங்களா? நடுவுல ஒரே ஒரு மேடுதானே!" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சேர வேண்டியதுதான். பீப்பாயை இறக்கினேன், பீர்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டேன், ஏறுவதற்குக் காலைத் தூக்கினேன். லோரென்ஸ் என் தோளைப் பிடித்துவிட்டார்.

"இறங்குங்க. நீங்க பாடக்கூடாது."

"முறைப்படி பாடத்தானே வந்தேன்."

"சாவு விழுந்த கிளப் பாடக்கூடாதுங்க. அதுவும் முறைதான். எங்களுக்கு அதைக் கத்துக்குடுத்ததே எவால்ட்தான். உங்களுக்குத் தெரியாதா? வரலாறு எழுதறீங்கன்னு கேள்விப்பட்டேனே!"

எனக்குத் தெரியாது. அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 57இல் நம் ஆட்கள் டோர்ன்ஹைம் கொடியை எடுத்து வந்திருக்கிறார்கள். எடுத்த கை உன் அப்பாவின் கை. அந்த வாரமே டோர்ன்ஹைம் தலைவர் கல்குவாரியில் விழுந்து இறந்துபோனார். லோரென்ஸின் அப்பா. "எனக்கு அப்ப பதினோரு வயசு," என்றார் லோரென்ஸ். "கொடி இல்லாம அப்பாவைப் புதைக்கப் போறாங்கன்னு அம்மா அழுதுட்டு இருந்தாங்க. காலையில உங்க கோல்கீப்பர் தனியா மேடு இறங்கி வந்தாரு, தோள்ல எங்க கொடி. சும்மா குடுத்தா முறை கெட்டுப்போகும், யாராவது பாடணுமேன்னு எங்க பெரியவங்க முழிச்சாங்க. 'உங்க வீட்டுல சாவு, நீங்க எப்படிப் பாடுவீங்க. நான் பாடறேன்'னு அவரே பெட்டி மேல ஏறி எங்க பாட்டைப் பாடினாரு. ஜெயிச்சவரு அபராதம் கட்டினாரு. வாத்தியார் படம்கூட எடுத்தாரு."

ரோஸ்வித்தா, நான் கிழிக்கச் சொன்ன படம் அதுதான்.

நம் ஊரில் அதை யாரும் பேசாமல் விட்டது ஏன் என்று பிறகு ஹார்ட்விக்கைக் கேட்டேன். "அபராதம் வாங்காம கொடியைக் குடுத்துட்டு வந்துட்டான்னு அப்ப எல்லாரும் அவரைத் திட்டினோம். அப்புறம் திட்டினது வெட்கமாப் போச்சு. அதனால பேசறதில்ல" என்றார்.

டோர்ன்ஹைமில் நடந்ததை முடித்துவிடுகிறேன். லோரென்ஸ் தானே பெட்டிமேல் ஏறினார். தொப்பியைக் கழற்றினார். நம் பாட்டைப் பாடினார், ஹாசல்ரோட் பாட்டை. சீட்டைக் கீழே வைத்துவிட்டு அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். முதல் சரணத்தில் நானும் சேர்ந்துகொண்டேன். இரண்டாவதிலும் சேர்ந்தேன். அது முடிந்ததும் பாட்டு முடிந்தது என்று நினைத்து வாயை மூடினேன். அவர் மூன்றாவது ஒன்று பாடினார். நான் அதைக் கேட்டதே இல்லை. நம் கிளப்பில் இரண்டோடு நிறுத்திவிடுவோம். எதிரிக் கிளப்பின் தலைவர் என் கிளப் பாட்டைப் பாட, அந்தக் கிளப்பின் வரலாற்றை எழுதுகிற நான் வார்த்தை தெரியாமல் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினேன். பழைய பேச்சுவழக்கு, எனக்கு அழுகை வேறு, ஒன்றும் பிடிபடவில்லை. என்ன பாடினீர்கள் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

உன் மன்னிப்பையும் சொன்னேன். "துக்கத்துல இருக்கற பொண்ணு. நான் கையை நீட்டினது தப்பான நேரம். கணக்கு சரி" என்றார்.

ஞாயிறு காலை மழை. கல்லறையில் ஊர் முழுவதும் இருந்தது. கொடியோடு நான் வந்ததும், பின்னால் டோர்ன்ஹைம்காரர்கள் வந்ததும் கண்டு எல்லோரும் திரும்பினார்கள். நான் உன் அப்பாவின் குழியருகே நின்று நடந்ததையெல்லாம் உரக்கச் சொன்னேன், தண்ணீர்க் குழாய் உட்பட. சொல்லி முடித்ததும் ஹார்ட்விக் இருமினார்.

"எங்களுக்குத் தெரியும் தலைவரே. கிளப் வீட்டுச் சுவத்துல வெறும் ஆணிதானே இருக்கு. டோர்ன்ஹைம்ல நமக்குப் பொண்ணு குடுத்த வீடு எத்தனை இருக்கு! நீங்க போய் வாங்கணும்னு முறை, அதனால வாயை மூடிட்டு இருந்தோம். அடக்கத்தன்னிக்கும் மூடிட்டுதான் இருந்தோம். வெட்கம் உங்களுக்கு மட்டும் இல்ல."

அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வரவில்லை. ஊரே முறை முறை என்று நின்று அந்த மனிதரை வெறுங்குழியில் விட்டுவிட்டோம்.

ஹார்ட்விக்குக்குத் தோள்வலி, கொடியை நான்தான் பிடித்தேன். மூன்று முறை தாழ்த்தினேன். மூன்றாவது முறை பட்டு ஈர மண்ணில் பட்டுவிட்டது. தங்க நூல் ஓரத்தில் சேறு. எல்ஃப்ரீட துவைக்கிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். அது இருக்கட்டும்.

படங்களை நீ அனுப்ப வேண்டாம். அதைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. தலைவர் பதவியையும் கூட்டத்தில் விட்டுக் கொடுத்தேன், அவர்கள் வாங்கவில்லை. "முதல்ல புத்தகத்தை முடிங்க" என்று விரட்டிவிட்டார்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் அப்பா அந்த மூன்றாவது சரணத்தை எப்போதாவது பாடியிருக்கிறாரா? வார்த்தைகள் உனக்குத் தெரியுமா?

கிஸ்பர்ட்


பிரேமன்,
1 டிசம்பர் 1993

அன்புள்ள கிஸ்பர்ட் மாமா,

படங்கள் எல்லாம் இதனுடன் இருக்கின்றன. பெட்டிமேல் நிற்கும் படத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள். அதற்கு எதிர்ப்பக்கத்தில் இந்த வருஷம் நடந்ததை எழுதுங்கள். தண்ணீர்க் குழாயை விட்டுவிடாதீர்கள். கழுவித் துடைத்த வரலாறு அப்பாவுக்குப் பிடிக்காது. கல் வெட்டுகிறவருக்குச் சின்னத்தைச் செதுக்கச் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது சரணம் எனக்குத் தெரியும். அப்பா சவரம் செய்யும்போது தினமும் பாடுவார். கிளப்பில் ஏன் இதைப் பாடுவதில்லை என்று சின்ன வயதில் கேட்டேன். "ரெண்டாவது முடியறதுக்குள்ள எல்லாரும் பீர் எடுக்க ஓடிடறாங்கம்மா" என்றார். இதுதான் அது:

மேட்டுக்கு அப்பால் பிறந்தவனே, வா,
நெருங்கி உட்காருவோம், பெஞ்சில் இடமுண்டு.
சட்டை என்ன நிறம் என்று கேட்கமாட்டோம்,
மழை வந்தால் எல்லோரும்தான் நனைகிறோம்.

அம்மா சொன்ன ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று விருந்தில் யாரோ அப்பாவிடம், "ஊர்ல இத்தனை பேர் இருக்கோம், போயும் போயும் வந்தவனையா புள்ளைக்கு ஞானத்தந்தையா வெச்சே?" என்று கேட்டார்களாம். அப்பா எழுந்து நின்று இந்தச் சரணத்தைப் பாடினாராம். கேட்டவர் எழுந்து போய்விட்டாராம். நீங்கள் அப்போது வெளியே முற்றத்தில் புகையில் நின்று எல்லோருக்கும் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தீர்கள், அதனால் உங்கள் காதில் விழவில்லை.

புத்தகத்தில் மூன்று சரணமும் வரட்டும். ஜூனில் வருகிறேன். பெஞ்சில் அப்பா உட்கார்ந்த இடத்தை எனக்கு வைத்திருங்கள், பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள்.

ரோஸ்வித்தா